டால்கம் பவுடர்: சொல்லும் பொருளும் வழக்குகளும்

தமிழில் ‘பவுடர்’ என்றால் பெரும்பாலும் முகத்துக்குப் பூசுவதைத்தான் குறிக்கும். மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி, பற்பொடி எல்லாம் பொடியாகவே இருக்க, குளித்து முடித்தபின் கழுத்திலும் அக்குளிலும் தூவிக்கொள்ளும் மணமுள்ள வெண்தூளுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. அதன் முழுப் பெயர் டால்கம் பவுடர். ‘டால்கம்’ என்பதை நறுமணத்தின் பெயராகவோ தயாரிப்பு வகையின் பெயராகவோ எண்ணிக்கொள்வோர் பலர். அது ஒரு கல்லின் பெயர். அமெரிக்க நீதிமன்றங்களில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மீது பல்லாயிரம் பேர் தொடுத்த புற்றுநோய் வழக்குகளைத் தமிழில் எழுதும்போது முதலில் தெளிவுபடுத்த வேண்டியது இதுதான். ஏனெனில் அந்த வழக்குகளின் மையக் கேள்வி, அந்தக் கல்லோடு சுரங்கத்திலிருந்து வேறு என்ன வந்தது என்பதாகும்.

பாரசீகத்திலும் அரபியிலும் ‘தல்க்’ என வழங்கிய சொல் இடைக்கால இலத்தீனில் ‘தால்க்கும்’ ஆகி, பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. இறுதியில் உள்ள ‘உம்’ இலத்தீனின் பெயர் விகுதி. கனிமவியலார் அதை விட்டுவிட்டு ‘டால்க்’ என்றே சொல்கிறார்கள். பழைய அரபு நூல்களில் ‘தல்க்’ என்பது, இன்று டால்க் எனப்படும் கனிமத்தை மட்டுமன்றி, ஏடு ஏடாகப் பிரியும் பளபளப்பான கனிமங்கள் பலவற்றையும் குறித்தது. நாம் அப்பிரகம் என்றும் காக்காப்பொன் என்றும் சொல்லும் மைக்காவும் அதில் அடங்கும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் மைக்காத் தகடுகளை டால்க் என்று அழைத்திருக்கிறார்கள்; பழைய நூல்களை மொழிபெயர்ப்போர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

வேதியியலில் டால்க் என்பது நீரேறிய மக்னீசியம் சிலிக்கேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 1. அதாவது, கனிமங்களிலேயே மிக மென்மையானது. அதன் ஏடுகளுக்கிடையே உள்ள பிணைப்பு மிகவும் தளர்வானதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. பவுடரின் வழவழப்புக்குக் காரணம் இதுவே. அது நீரில் கரையாது. தோல்மடிப்புகளில் உராய்வைக் குறைக்கும். குழந்தைகளுக்கு அணையாடை கட்டும் இடங்களில் வேர்க்குருவும் சிவப்பும் வராதிருக்க அதைத் தூவும் வழக்கம் இவற்றால்தான் பரவியது.

இந்தக் கனிமம் மிகுந்த பாறைக்குத் தமிழில் நல்ல பெயர் உண்டு: மாக்கல். மாவாக உதிரும் கல் என்று அதைப் பொருள்கொள்ளலாம். வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டியும் சிலேட்டில் எழுதிய பலப்பமும் இந்தக் கல்லே. பழக்கப்படுத்தாத புதுக் கல்சட்டியின் விளிம்பை நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். நகக்கண்ணில் ஒட்டும் தூளை விரல்களுக்கிடையே தேய்த்தால் சோப்புப்போல் வழுக்கும். எனவே டால்கம் பவுடருக்கு நேரான தமிழ் மாக்கற்பொடி. மாக்கல் என்பது பாறை, டால்க் என்பது அதில் முதன்மையாக உள்ள கனிமம் என்ற வேறுபாடு உண்டு. ஆகவே கனிமவியல் கட்டுரையில் ‘டால்க்’ என்றே எழுதலாம். செய்தியிலும் நலவாழ்வுக் கட்டுரையிலும் மாக்கற்பொடி என்று ஒருமுறையாவது எழுதுவது அவசியம் என்பேன். செய்திகளில் ‘முகப்பவுடர்’ என்று எழுதும்போது இரண்டு பிழைகள் நேர்கின்றன: பொருள் எதனால் ஆனது என்பது மறைகிறது, அதோடு, வழக்குகளில் பேசப்படுவது முகத்துக்குப் பூசுவதைப் பற்றி அன்று, பெண்கள் பல ஆண்டுகள் பிறப்புறுப்புப் பகுதியில் தூவிக்கொண்டதையும், தூவும்போது எழும் தூசியைச் சுவாசித்ததையும் பற்றி என்பதும் மறைகிறது.

மற்றொரு சொல் ஆஸ்பெஸ்டாஸ். கிரேக்கத்தில் ‘அணைக்க முடியாதது’ என்று பொருள்படும் இச்சொல்லுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லாக இருந்தும் நாராகப் பிரிவது என்று பொருளின் இயல்பையே சொல்லிவிடும் இப்பெயர் எனக்கு மிகவும் பிடித்தமானது. கிரைசோடைல், டிரமோலைட், ஆந்தோபிலைட் முதலிய கனிமங்கள் நார்வடிவில் அமைந்தால் கல்நார் எனப்படும். மக்னீசியம் மிகுந்த பாறைகள் பூமிக்கடியில் வெப்பநீரால் மாற்றமடையும்போது, சூழலைப் பொறுத்து ஓரிடத்தில் டால்க்கும் அதற்கு அருகிலேயே டிரமோலைட்டோ ஆந்தோபிலைட்டோ உருவாகக்கூடும். இரண்டும் ஒரே தாய்ப்பாறையில் பிறப்பவை. ஒன்று ஏடாகவும் மற்றொன்று நாராகவும் வளர்கிறது. கல்நாரின் இழைகளைச் சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடும் என்பதில் அறிவியலில் ஐயமே இல்லை. மாக்கல் தூளில் கல்நார் கலந்திருந்ததா என்பதில்தான் வழக்காடுவோர் முட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே ‘நார்வடிவம்’ என்ற சொல்லே நீதிமன்றத்தில் வாதப்பொருளாகிறது. டிரமோலைட் எப்போதும் நாராக இருப்பதில்லை, கட்டியாகவும் இருக்கும். கட்டியை அரைத்தால் நீளமான சில்லுகள் கிடைக்கும், நுண்ணோக்கியில் அவை நார்போலவே தோன்றும். பவுடரை ஆய்ந்தபோது கண்டவை இத்தகைய பிளவுச் சில்லுகளே, கல்நார் அல்ல என்று நிறுவனத் தரப்பு வல்லுநர்கள் சொல்கிறார்கள். அவை கொத்தாகப் பிரியும் மெல்லிய இழைகளே என்றும், உடலுக்குள் சென்றபின் சில்லுக்கும் நாருக்கும் வேறுபாடு பார்க்க முடியாது என்றும் வழக்குத் தொடுத்தோரின் வல்லுநர்கள் மறுக்கிறார்கள்.

வழக்குகளின் நடுவில் இருப்பது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம். அதன் குழந்தைப் பவுடர் 1890களிலிருந்து விற்கப்பட்டு வந்தது. 2013இல் தெற்கு டகோட்டாவில், சூலகப் புற்றுநோய்க்கு ஆளான ஒரு பெண் தொடுத்த வழக்கில் நிறுவனம் எச்சரிக்கத் தவறியது என்று நடுவர் குழு (ஜூரி) முடிவு செய்தது, ஆனால் ஒரு டாலர்கூட இழப்பீடு வழங்கவில்லை. 2016இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில், இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 7.2 கோடி டாலர் வழங்கப்பட்டது. அங்கே அந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2018 ஜூலையில் அதே நகரில் 22 பெண்களின் வழக்கில் 469 கோடி டாலர் தீர்ப்பானது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏறத்தாழ 212 கோடியாகக் குறைத்தது; 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

இந்தத் தொகைகளைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களைப் பிரித்தாள வேண்டும். 469 கோடியில் 55 கோடி மட்டுமே இழப்புக்கு ஈடு. மீதி 414 கோடி, நடத்தையைக் கண்டித்து விதிக்கும் தண்ட இழப்பீடு. ‘அபராதம்’ என்று எழுதுவது பொருந்தாது. ‘குற்றம் நிரூபிக்கப்பட்டது’ என்பதும் தவறு. இவை உரிமையியல் வழக்குகள். நடுவர் குழு சொல்வது பொறுப்பு யாருடையது என்பதைத்தான்.

2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வு, 1971 முதல் 2000களின் தொடக்கம்வரை நிறுவனத்தின் கச்சா டால்க்கிலும் பவுடரிலும் சில வேளைகளில் சிறிதளவு கல்நார் தென்பட்டதாகச் சோதனை முடிவுகள் இருந்தன என்று அந்நிறுவனத்தின் ஆவணங்களைக் கொண்டே காட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒரு புட்டியில் மிக நுண்ணிய அளவு கிரைசோடைலைக் கண்டதாகத் தெரிவிக்க, ஏறத்தாழ 33,000 புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. 2020 மேயில் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகெங்கும் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பொருள் பாதுகாப்பானது, அதில் கல்நார் இல்லை என்ற நிலையிலிருந்து அது இன்றுவரை மாறவில்லை.

பிறகு நடந்ததை நம் ஊர் வழக்கில் மஞ்சள் கடுதாசி கொடுத்த கதை என்று சொல்லலாம். ஆனால் கொடுத்தது பணமில்லாத நிறுவனம் அன்று. 2021இல் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைக் கொண்டு எல்டிஎல் மேனேஜ்மென்ட் என்ற துணை நிறுவனத்தைத் தோற்றுவித்து, பவுடர் வழக்குகளின் சுமை முழுவதையும் அதன் தலையில் ஏற்றி, இரண்டே நாளில் அதைத் திவால் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். ‘டெக்சாஸ் இரட்டை அடி’ என்று ஒரு நடனத்தின் பெயரால் இந்த உத்தியை அழைக்கிறார்கள். உண்மையான நிதி நெருக்கடி இல்லை என்று 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திவால் மனுவைத் தள்ளுபடி செய்தது. இரண்டாம் முயற்சி அதே ஆண்டு ஜூலையில் வீழ்ந்தது. ரெட் ரிவர் டால்க் என்ற பெயரில் நடந்த மூன்றாம் முயற்சியை 2025 மார்ச் 31 அன்று ஹூஸ்டன் திவால் நீதிமன்றம் நிராகரித்தது. இந்த ஆண்டுகளில் நோயோடு காத்திருந்து தீர்ப்பைக் காணாமலே இறந்துபோனவர்களை எண்ணாமல் இப்பகுதியை எழுத என்னால் இயலவில்லை.

இனி ‘தொடர்பு’ என்ற சொல். ஆய்வாளர்கள் பவுடருக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது என்று எழுதுவதைத் தமிழ்த் தலைப்புகள் ‘பவுடரால் புற்றுநோய்’ என்று தருகின்றன. ‘ஆல்’ என்னும் வேற்றுமை உருபு காரணத்தையே உறுதியாகச் சொல்லிவிடுகிறது. அறிவியல் அவ்வளவு தூரம் இன்னும் செல்லவில்லை. 1971இல் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் சூலகக் கட்டிகளுக்குள் டால்க் துகள்களைக் கண்டார்கள். 1982இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், நோயுற்ற பெண்களிடையே பவுடர்ப் பழக்கம் கூடுதலாக இருப்பதாகக் காட்டினார்கள். ஆனால் நோயுற்றவர் தம் பழைய பழக்கங்களைக் கூடுதலாக நினைவுகூர்வார் என்பதால் இத்தகைய ஆய்வில் முடிவு ஒருபக்கம் சாயக்கூடும். 2020இல் ஏறத்தாழ 2.5 லட்சம் பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வில், புள்ளியியல்படி உறுதியான தொடர்பு தென்படவில்லை. 2024 ஜூலையில் உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 2ஏ பிரிவில் சேர்த்தது. கல்நார் இருப்பது, புற்று விளைவிப்பது உறுதியானவற்றுக்கான 1ஆம் பிரிவில். 2ஏ என்பதைப் ‘புற்று விளைவிப்பதாகப் பெரிதும் கருதத்தக்கது’ என்று மொழிபெயர்க்கலாம். இப்பிரிவுகள் சான்றின் வலிமையைக் காட்டுபவை. எவ்வளவு பூசினால் எவ்வளவு ஆபத்து என்பதை அவை அளப்பதில்லை.

நோயின் பெயரிலும் குழப்பம் உண்டு. சூலகம், சினைப்பை என்பவை கருமுட்டை உருவாகும் உறுப்பைக் குறிக்கும். கருப்பை அதனின்றும் வேறு. இவ்வழக்குச் செய்திகளைக் ‘கருப்பைப் புற்றுநோய்’ என்று எழுதுவது உறுப்பையே மாற்றிவிடும். வழக்குகளில் வரும் இன்னொரு நோய் மீசோதீலியோமா. நுரையீரலையும் வயிற்றையும் சூழ்ந்த மெல்லிய உறையில் தோன்றும் இது, கல்நாரோடு மிக நெருங்கிய தொடர்புடையது என்பதால், அவ்வழக்குகளில் வாதம் முழுவதும் கல்நாரைச் சுற்றியே நடக்கிறது.

டால்க்குக்கு மாற்றாக இப்போது குழந்தைப் பவுடரில் சேர்க்கப்படுவதை ‘சோளமாவு’ என்று எழுதுகிறார்கள். நம் சோளம் வேறு. இது மக்காச்சோள மாச்சத்து. புட்டியின் பெயரும் வெண்ணிறமும் முன்போலவே இருப்பதால், உள்ளே இருப்பது கல்லா தானியமா என்று கண்ணால் சொல்ல முடியாது. மற்ற நிறுவனங்களின் பவுடர்கள் பல இன்றும் மாக்கற்பொடியே. புட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் ‘டால்க்’ என்று இருந்தால் அது மாக்கல்; பட்டியலில் அது பெரும்பாலும் முதல் சொல்லாகவே இருக்கும்.