அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள்

ஐபாட் பழுதுபார்ப்பது என் வேலை. பாட்டெல்லாம் அழிந்துவிட்டது என்று என்னிடம் வருவதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். கைக்குட்டையை மெதுவாகப் பிரித்து மேஜை மேல் வைத்தார். 160 ஜிபி ஐபாட் கிளாசிக், ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவி. பின்பக்கத்து எஃகு முழுக்க கீறல், திரையில் மட்டும் ஒரு சின்னக் கோடுகூட இல்லை. பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "தம்பி, இதுல 200 கேசட் இருந்துது. இப்ப பேரனோட பாட்டு மட்டும்தான் இருக்கு" என்றார்.

200 கேசட். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஓய்வு பெற்ற பிறகு டேப் ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, ஒவ்வொரு பக்கமாக ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கிறார். இதில் குறுக்கு வழி கிடையாது. கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பக்கம் மாற்ற வேண்டும். எம்பி3 ஆக்கினால் தரம் போய்விடும் என்று யாரோ சொல்ல, எல்லாவற்றையும் சுருக்காத வேவ் கோப்புகளாகவே வைத்திருந்தார். பக்கத்துக்குச் சுமார் 300 எம்பி, 400 பக்கத்துக்கு 120 ஜிபி. ஐபாடில் கச்சிதமாக அடங்கியது. "எல்லாம் இதுலயே பத்திரமா இருக்கே" என்று பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டினார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்து, அவையும் போயாயிற்று.

அப்புறம் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தது. பேரன் அதில் ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் மென்பொருளான ஐட்யூன்ஸைப் போட்டு, தன் பாட்டுகள் 200 சொச்சத்தை ஏற்றி வைத்திருந்தான். தாத்தா ஐபாடைச் செருகினார். திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த ஐபாட் வேறொரு லைப்ரரியோடு இணைந்திருக்கிறது, இதை அழித்துவிட்டு இந்த லைப்ரரியோடு சிங்க் செய்யலாமா? கீழே "எரேஸ் அண்ட் சிங்க்" என்று ஒரு பொத்தான். அழுத்தினார்.

"சிங்க்னா ரெண்டையும் சேர்க்கும்னுதானே தம்பி அர்த்தம்?"

இல்லை ஐயா. இந்த ஒரு வரியைத்தான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

ஐபாட் உலகத்தில் சிங்க் என்பது ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் வைத்திருக்கும் பாட்டுத் தொகுப்புதான் லைப்ரரி, அதுதான் அசல். ஐபாட் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர் நகர்ந்துவிட்டால் உள்ளே இருந்த உருவத்தைக் கண்ணாடி பிடித்து வைத்துக்கொள்ளாது. அடுத்து யார் வந்து நிற்கிறாரோ அவரைக் காட்டும். அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் நகர்ந்தது, பேரனின் லேப்டாப் வந்து நின்றது, கண்ணாடி பேரனைக் காட்டுகிறது.

இன்னும் புரியவில்லை என்றால் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்க் ஆரம்பித்ததும் ஐட்யூன்ஸ் தன் கையில் இருக்கும் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஐபாடுக்குள் போகிறது. பட்டியலில் பெயர் இருந்து, உள்ளே ஆள் இல்லையா? கூட்டி வந்து உட்கார வைக்கும். உள்ளே ஆள் இருந்து, பட்டியலில் பெயர் இல்லையா? வெளியே அனுப்பும். "இவர் பத்து வருஷமா இங்கேதான் இருக்கார்" என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பட்டியல் காலி என்றால் அறையும் காலி. "சரி, வெளியே அனுப்பினதை எங்கேயாவது எடுத்து வச்சிருக்குமே?" என்று கேட்பார்கள். வைக்காது. ரீசைக்கிள் பின்னில் தேடினேன் என்று சொல்பவர்களும் உண்டு. அங்கேயும் இருக்காது.

ஐட்யூன்ஸ் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கியவற்றை மட்டும் ஐபாடிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. நீங்களாகச் சிடியிலிருந்தும் கேசட்டிலிருந்தும் ஏற்றியதற்கு அந்த வசதி பொருந்தாது. மேக் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஐட்யூன்ஸே இல்லையே" என்பார்கள். 2019-இல் வந்த மேக் பதிப்பான கேட்டலினாவிலிருந்து அந்த வேலை, மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டருக்குப் போய்விட்டது. பெயர்தான் வேறு, பாதை அதே ஒருவழிதான்.

சிங்க் முதல் வில்லன் என்றால் இரண்டாவது வில்லன் ரீஸ்டோர். இந்த வார்த்தையை யார் வைத்தார்களோ! மீட்டுத் தரும் என்றுதானே காதில் விழுகிறது? மீட்கத்தான் செய்யும், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. அதாவது காலியாக. பாட்டு போய்விட்டதே என்று பதறி ரீஸ்டோரை அழுத்துவது, தொலைந்த மோதிரத்தைத் தேட வீட்டையே இடிப்பது மாதிரி. ரீசெட் வேறு, அது பயமில்லாதது. மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து எட்டு விநாடி பிடித்தால் உறைந்துபோன கிளாசிக் எழுந்து உட்காரும், ஒரு பாட்டும் போகாது. ரீசெட், ரீஸ்டோர். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது, விண்டோஸ் கேட்கும் "ஃபார்மேட் செய்யட்டுமா?", அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்ற கேள்வி. மேக்கில் தயார் செய்த ஐபாடின் ஹார்ட் டிஸ்க் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற மேக்கின் சேமிப்பு முறையில் இருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது. புரியாத எதைப் பார்த்தாலும் ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்பது அதன் குணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மேக்கில் செருகிப் பாருங்கள், எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸில் தயாரான ஐபாடை மேக் நன்றாகவே படிக்கும்.

இன்னொன்றும் அடிக்கடி வருகிறது. சிங்க் நடக்கும்போதே ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த தடவை பார்த்தால் ஐபாட் "பாட்டு 0" என்று காட்டும். ஆனால் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் "அதர்" என்ற பெயரில் இடம் முழுக்க நிரம்பியிருக்கும். பாட்டுகள் எங்கேயும் போகவில்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக் கோப்புதான் கெட்டுப்போயிருக்கிறது. அந்த நிலையில் கொண்டு வந்தால் எனக்கு ஒரு மதியம் போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் ரீஸ்டோர் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சரி, பிளேயரே கெட்டுவிட்டது என்று வருகிறவர்கள் விஷயம். கிளாசிக்கின் மேல் விளிம்பில் ஒரு சின்ன ஹோல்டு ஸ்விட்ச் இருக்கும். அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பொத்தான்கள் பூட்டியிருக்கின்றன என்று அர்த்தம். "போர்டு போச்சு" என்று கொண்டு வந்ததை ஒரு விரலால் தள்ளிச் சரிசெய்து கையில் கொடுத்திருக்கிறேன். சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அடையாளம் காணவில்லை என்றால் முதலில் ஒயரை மாற்றுங்கள், அடுத்து யுஎஸ்பி துளையை மாற்றுங்கள். ஒயரில் மின்சாரம் போகும் கம்பி வேறு, தகவல் போகும் கம்பி வேறு. ஒன்று அறுந்தாலும் மற்றது வேலை செய்யும். ஃப்ளாக் என்ற ஒலிக் கோப்பு ஏறவில்லையா? ஏறாது, ஐபாடின் சொந்த மென்பொருளுக்கு அது தெரியாது. ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற ஒலிக் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், தரம் குறையாது. உள்ளே "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் அது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும் சத்தம். தட்டிப் பார்க்காதீர்கள், திரும்பத் திரும்ப இயக்கியும் பார்க்காதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது பின்மூடி விலகியோ திரையில் வெள்ளையாகத் திட்டு விழுந்தோ இருந்தால், சார்ஜ் போடுவதை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். கத்தியால் நெம்பவே கூடாது. 2005 செப்டம்பரிலிருந்து 2006 டிசம்பர் வரை விற்ற முதல் தலைமுறை நேனோக்களை, அதாவது சின்ன ஐபாடுகளை, பேட்டரி அதிகமாகச் சூடேறலாம் என்று 2011-இல் ஆப்பிளே மாற்றித் தர முன்வந்தது. அந்தக் காலத்து நேனோ இன்னும் உங்கள் மேஜை இழுப்பறையில் இருந்தால், ஆசைக்குக்கூடச் செருகிப் பார்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கிளாசிக் 2014-இல் நின்றது. மற்ற ஐபாட் வகைகளில் நேனோவும் ஷஃபிளும் 2017-இல், டச் 2022-இல். உங்கள் கையில் இருப்பதை விட்டால் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டரை நீங்கள் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஆபத்து அந்த நாளில்தான்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதைத் தூக்கிப்போடுவதற்கு முன் ஐட்யூன்ஸில் கன்சாலிடேட் செய்யுங்கள். அங்கங்கே சிதறிக் கிடக்கும் பாட்டெல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரும். அந்த ஐட்யூன்ஸ் ஃபோல்டரை முழுசாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். பாட்டை மட்டும் எடுத்தால் போதாது. பிளேலிஸ்ட், நட்சத்திரம், எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கெல்லாம் லைப்ரரிக் கோப்பில்தான் இருக்கும். புது கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஐட்யூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி வேண்டும் என்று கேட்கும், அந்த நகலைக் காட்டுங்கள். மேக்காக இருந்தால் ஆப்ஷன் விசை.

பழைய கம்ப்யூட்டர் போய்விட்டதா? அப்படியானால் ஐபாடைச் செருகுவதற்கு முன்பே ஐட்யூன்ஸ் அமைப்புகளில் டிவைசஸ் பகுதிக்குப் போய், தானாகச் சிங்க் ஆவதைத் தடுக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். செருகும்போது ஷிஃப்ட்டையும் கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐபாட் திரையில் தெரிகிற வரை விடாதீர்கள். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் "கேன்சல்". டிஸ்க்காகப் பயன்படுத்தும் வசதி திறந்திருந்தால் ஐபாட் ஒரு டிரைவாகத் தெரியும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் ஐபாட் கண்ட்ரோல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் மியூசிக். அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். திறந்து பார்த்தால் பயந்துவிடாதீர்கள். எஃப்00, எஃப்01 என்று ஃபோல்டர்கள், உள்ளே அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர்கள். பாட்டின் உண்மையான பெயர் எம்பி3, ஏஏசி கோப்புகளுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஐட்யூன்ஸில் இழுத்துப் போட்டால் பெயரோடு வந்து நிற்கும். பத்துப் பாட்டை ஓடவிட்டு, நகல் சரியாக இருக்கிறது என்று காதால் கேட்ட பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஏற்கெனவே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டீர்களா? நிறுத்துங்கள். புதிதாக ஒரு பாட்டுகூட ஏற்றாதீர்கள், "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று எதையும் போடாதீர்கள். முறைப்படி எஜெக்ட் செய்து, எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள ஐபாடில் அழிந்த கோப்பு உடனே காணாமல் போவதில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்படும் வரை அங்கேயேதான் கிடக்கும். ஒவ்வொரு புதுப் பாட்டும் ஒரு பழைய பாட்டின் தலையில் போய் உட்கார்கிறது.

பெரியவர் வீட்டில் அதுதான் நடந்திருந்தது. பாட்டு போனதைக் கண்டுபிடிப்பதற்கு முன் பேரன் சோதித்துப் பார்க்க ஏழு சினிமாப் படங்களை ஏற்றியிருந்தான். 400 பக்கங்களில் 363 கிடைத்தன. மீதி 37 பக்கங்களும் படங்களுக்கு அடியில் போய்விட்டன.

கிடைத்த 363-லும் ஒரு சிக்கல். வேவ் கோப்புக்குள் ஐட்யூன்ஸ் பெயரை எழுதி வைப்பதில்லை. பெயரெல்லாம் லைப்ரரியில் இருந்தது, லைப்ரரி பழைய கம்ப்யூட்டரோடு போனது. ஆக அவர் கைக்கு வந்தது பெயரில்லாத 363 கோப்புகள். இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண், ஏ பக்கம், பி பக்கம், முதல் பாட்டு எது, எங்கே டேப் அறுந்து ஒட்டியது என்பது வரை நீல மையில் எழுதியிருந்தார். "முதல் அஞ்சு செகண்ட் போடுங்க தம்பி" என்றார். போட்டேன். டேப்பின் இரைச்சல், ஒரு தம்புரா, யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம். "நாப்பத்தி ரெண்டு, பி பக்கம்" என்று சொல்லி, நோட்டில் டிக் போட்டார்.

அன்றைக்கு 30 கோப்புகளுக்குப் பெயர் வைத்தோம். மீதியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டுத் தரச் சொல்லி அவரேதான் கேட்டார்.