எல்லைக் கல்லோடு நின்றுபோகும் வாய்க்கால்கள்

காவிரி டெல்டாவில் உள்ளாட்சிகளுக்கு வரைபடம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. வருவாய்த் துறையிடம் கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்படமும் உண்டு. நீர்வளத் துறையின் கோட்ட அலுவலகங்களில் ஆறு, வாய்க்கால், மதகு குறித்த படங்கள் உண்டு. குடிநீர்க் குழாய்ப் பாதை ஒரு வாரியத்திடம், மின்மாற்றிகள் இன்னொன்றிடம், தெருவிளக்கும் மேல்நிலைத் தொட்டியும் ஊராட்சியிடம். உள்ளாட்சிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில், அலுவலகங்களில் ஜி.ஐ.எஸ். என்று சொல்லும் வேலை. நான் பார்த்தவரையில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் ஊராட்சியின் படம் அதன் எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஊராட்சியின் படம் அங்கிருந்து தொடங்குவதில்லை.

மேட்டு நிலப் பகுதியில் இதை ஓரளவு சமாளித்துவிடலாம். டெல்டாவில் முடியாது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில், அதாவது ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துவிடும் இடத்தில், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிகிறது. அதற்குக் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை வரை பிரிந்துகொண்டே போகிறது. ஒரே கிளை மூன்று, நான்கு ஊராட்சிகளைக் கடக்கும். நடுவில் ஒரு பேரூராட்சியும் வரும். பெரிய வாய்க்கால்கள் நீர்வளத் துறையிடம் இருக்க, சி, டி வாய்க்கால்கள் எனப்படும் சிறு கிளைகள் ஊராட்சி ஒன்றியம், வேளாண் பொறியியல் துறை என்று பல கைகளில் இருக்கின்றன. போதாததற்கு மாவட்ட எல்லைகளும் மாறின. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. அலுவலகம் மக்களுக்குப் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் ஒரே ஆற்றின் தலைப்பும் கடைமடையும் வெவ்வேறு கோப்பறைகளுக்குப் போய்விட்டன.

கோரையாற்றுப் பாசனத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊராட்சிகளின் படங்களை ஒன்றாகப் பொருத்திப் பார்த்தோம். மேல் ஊராட்சியின் படத்தில் ஒரு வாய்க்கால் எல்லை வரை வந்து, ஒரு வயலின் நடுவே நின்றுவிட்டது. கீழ் ஊராட்சியின் படத்தில் அதே வாய்க்கால் சற்றுத் தள்ளி, வேறு பெயரில் தொடங்கியது. மேலே அது வடிகால் என்று பதிவாகியிருந்தது. கீழே பாசன வாய்க்கால் என்று. இரண்டுமே சரியான பதிவுகள். மேல் வயலில் மிஞ்சி வடியும் தண்ணீரே கீழ் வயலுக்குப் பாசனமாகும் இடம் டெல்டாவில் ஏராளம். ஆனால் தூர்வாரும் பட்டியல் தயாராகும்போது வடிகால் ஒரு பட்டியலிலும் பாசன வாய்க்கால் வேறொரு பட்டியலிலும் சேர்கின்றன. மேல் பகுதி தூர்வாரப்பட்டது. கீழ்ப் பகுதி அந்த ஆண்டுப் பட்டியலில் வரவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் மேலேயிருந்து வேகமாக வந்து, கீழ் ஊராட்சியின் சம்பா வயல்களில் தேங்கியது. இளம்பயிர் அழுகியது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. இரு ஊராட்சிகளின் எல்லையாக ஒரு சாலை போகிறது. அதன் அடியில் வாய்க்காலைக் கடத்திவிடும் குழாய்ப் பாலம் இரண்டு படத்திலும் இல்லை. அது அடுத்தவருடையது என்று இருவருமே விட்டுவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது குழாயின் வாய் ஆகாயத்தாமரையாலும் பிளாஸ்டிக் பைகளாலும் அடைபட்டிருந்தது. வாய்க்கால் முழுவதையும் தூர்வாரியிருந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கும். எல்லையில் இருக்கும் பொருள்களே இப்படி முதலில் விடுபடுகின்றன: பாலம், மதகு, இரண்டு ஊருக்கும் பொதுவான சுடுகாட்டுப் பாதை, கடைசித் தெருவிளக்கு. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கண்ணில் படக்கூடியவை இவை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு நடந்ததை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பங்களை நிமிர்த்த வெளிமாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர்களின் பாதை தெரியாது. எந்த மின்மாற்றியிலிருந்து எந்தத் தொட்டியின் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்பது உள்ளூர்ப் பணியாளரின் நினைவில் இருக்கும். அவருடைய வீட்டின் மேலும் மரம் விழுந்திருக்கும். ஒன்றிய அளவில் எல்லா ஊராட்சிகளின் தொட்டி, மின்மாற்றி, தாழ்வான தெருக்கள், பேரிடர் மையம் ஆகியவை ஒரே படத்தில் இருந்தால், வெளியூர்க்காரர் கையில் அதைக் கொடுத்து அனுப்பலாம்.

பகிர்வது என்றால் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில்தான் பாதி வேலை கெடுகிறது. வரைபட மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் ஷேப் ஃபைல் என்பது ஒரே கோப்பு அல்ல, எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப்., பி.ஆர்.ஜே. என்று சேர்ந்து வர வேண்டிய தொகுப்பு. எஸ்.எச்.பி. மட்டும் வந்தால் கோடுகள் இருக்கும், விவரம் இருக்காது. பி.ஆர்.ஜே. இல்லாவிட்டால் படம் எந்த அளவை முறையில் வரையப்பட்டது என்பதே தெரியாது. பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் அளவை முறையில் இருப்பவை, இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டையும் மாற்றிக் கொள்ளாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வாய்க்கால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து பக்கத்துத் தெருவில் போய் உட்காரும். ஊர்ப் பெயர்களை வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு பெயரையும் படிக்க முடியாது. யூனிகோடில் அடித்து, ஜியோபேக்கேஜ் என்ற ஒரே கோப்பாகச் சேமித்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை போய்விடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பெயர்கள் இன்னொரு தலைவலி. ஒரு ஊராட்சிக்குள் பல வருவாய் கிராமங்கள் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஊர் ஒரே வட்டத்தில் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் பாதி ஊர் விடுபடும். மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் கிராமத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் எல்.ஜி.டி. குறியீட்டு எண்ணை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்துவிடுங்கள். எழுத்துப் பிழை எப்படி இருந்தாலும் எண் பொருந்திவிடும்.

"வரைபடம் வெளியே போகக் கூடாது, அனுமதி இல்லை" என்று தயங்கும் அலுவலர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பல பத்தாண்டுகள் விதி அப்படித்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவிசார் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வந்துவிட்டது. ஓர் ஊராட்சி தன் வாய்க்கால் படத்தை இன்னோர் ஊராட்சிக்குக் கொடுப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. மறைக்க வேண்டியவை வேறு: வீட்டு உரிமையாளர் பெயர், கைப்பேசி எண், ஆதார், வரி பாக்கி. அவற்றைத் தனி அட்டவணையில் வைத்துவிட்டு, வாய்க்காலையும் சாலையையும் தொட்டியையும் மட்டும் கொடுத்தால் போதும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதுப் படத்தில் ஒரு குடும்பத்தின் வரி பாக்கி தெரிந்தால், அடுத்த முறை விவரம் கேட்டுப் போகும்போது யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்: எந்தெந்தப் படங்களைப் பகிர்கிறோம், யார் திருத்துவது, எந்தத் தேதியில் திருத்தியது, எல்லையில் இருக்கும் பொருள் யார் பட்டியலில் வரும். தேதி மிக முக்கியம். எந்த ஆண்டின் வாய்க்கால் என்று தெரியாத படத்தை நம்பிப் பணம் ஒதுக்க முடியாது. அந்தக் கோப்பு தலைவரின் மடிக்கணினியில் இல்லாமல் ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். தலைவர் மாறினாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் பொறுப்பேற்கும் தனி அலுவலர் வந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரி முடிக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் வாய்க்கால் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து ஊராட்சியின் படமும் அதோடு சேர்ந்திருக்கட்டும். கடைமடை விவசாயிகளையும் அந்தப் பகுதியில் மதகுகளைத் திறந்து மூடும் நீர்வளத் துறைப் பணியாளரான லஸ்கரையும் கூப்பிட்டு, விடுபட்ட மதகையும் பாலத்தையும் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கிராமசபைத் தீர்மானத்தோடு இணைத்து ஒன்றியத்துக்கு அனுப்பினால், ஏப்ரல் பட்டியலில் இரண்டு ஊராட்சிகளின் வாய்க்காலும் நடுவிலுள்ள குழாய்ப் பாலமும் ஒரே பணியாகச் சேரும்.