கன்வெர்ஜ் ஆகிவிட்டால் விடை சரியாகிவிடுமா? ஏரோஸ்பேஸ் முதுநிலை மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளின் ஆய்வறிக்கைகளைப் படிப்பதும் என் பொறுப்புகளில் ஒன்று. காற்றோட்டத்தையும் அது தரும் விசைகளையும் கணினியில் கணிக்கும் காற்றியக்கக் கணிப்புதான் என் துறை. சமீபத்தில் வந்த ஒருவர், நாக்கா 0012 என்ற சமச்சீரான இறக்கை வெட்டுமுகத்தின் இழுவைக் கெழு (காற்று பின்னுக்கு இழுக்கும் விசையைக் குறிக்கும் எண்) 0.0041 என்று எழுதியிருந்தார். ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பாகுத்தன்மை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் எண்) 60 லட்சம், தாக்குகோணம் (காற்றோட்டத்துக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) பூஜ்யம், மேற்பரப்பு முழுக்கக் கொந்தளிப்பான ஓட்டம் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. "இந்த எண் சரிதான் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டேன். "கன்வெர்ஜ் ஆகிவிட்டது சார்" என்றார். கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு ஒரு விடையில் வந்து நின்றுவிட்டது என்கிறார்.

இதே பதிலை நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடமிருந்தும், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் படித்தவர்களிடமிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். தடிமனே இல்லாத ஒரு தட்டையான தகட்டை அதே ரெனால்ட்ஸ் எண்ணில் காற்றோட்டத்துக்கு இணையாக வைத்தால், கொந்தளிப்பான ஓட்டத்தில் ஒரு பக்கத்தின் உராய்வுக் கெழு சுமார் 0.0033. இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.0065. இதற்குப் பாடப்புத்தகச் சூத்திரம் ஒன்றும் கால்குலேட்டரும் போதும். நாக்கா 0012-க்குத் தடிமன் இருக்கிறது, ஆகவே அதன் இழுவை தகட்டைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். குறைய வழியே இல்லை. சரியான விடை 0.008-ஐ ஒட்டி வரும். அவருக்கு வந்தது அதில் பாதி. வடிவம் சமச்சீர் என்பதால் மேல்பாதியை மட்டும் கணித்திருக்கிறார், கடைசியில் இரண்டால் பெருக்க விட்டுவிட்டார். மேல்பாதியை மட்டும் கணித்ததில் தவறில்லை, அது நல்ல யோசனைதான். ஆனால் "இது தகட்டின் இழுவையைவிடக் குறைவாக இருக்கிறதே" என்று அவரும் கேட்கவில்லை, வழிகாட்டியும் கேட்கவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை. அறிக்கையில் வண்ணப் படங்கள் மட்டும் நிறைய இருந்தன.

எங்கள் துறையில் இழுவையைக் கவுண்ட் கணக்கில் பேசுவோம். ஒரு கவுண்ட் என்பது 0.0001. பெரிய பயணிகள் விமானம் ஒன்று உயரத்தில் சீராகப் பறக்கும்போது அதன் மொத்த இழுவையே 250, 300 கவுண்ட் அளவில்தான் இருக்கும். அதில் ஒன்றிரண்டு கவுண்டைக் குறைக்க ஒரு குழு மாதக்கணக்கில் உழைக்கும். இந்த அறிக்கையிலோ 40 கவுண்ட் காணாமல் போயிருக்கிறது, யாரும் தேடவில்லை.

சரி, 'கன்வெர்ஜ்' விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரெசிடுவல் (சமன்பாடுகளில் தீராமல் மிஞ்சும் பிழை) கோடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் என்ன பொருள்? நீங்கள் கொடுத்த மெஷ்ஷில் (ஓட்டவெளியைச் சிறு செல்களாகப் பிரித்த வலையில்), நீங்கள் தேர்ந்தெடுத்த மாதிரியில், நீங்கள் வைத்த எல்லை நிபந்தனைகளோடு எழுந்த இயற்கணிதச் சமன்பாடுகளைக் கணினி தீர்த்துவிட்டது என்று பொருள். அவ்வளவுதான். மெஷ் போதுமான அளவு நுணுக்கமானதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. சுவரை ஒட்டிய எல்லைப் படலத்தில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. எடுத்த சமன்பாடு இந்த ஓட்டத்துக்குப் பொருந்துமா என்பதும் தெரியாது. தவறான கேள்வியைக் கொடுத்தாலும் ரெசிடுவல் அழகாக இறங்கும். மேல்பாதி இறக்கை விவகாரத்தில் நடந்தது அதுதான், கணினி ஒரு பிழையும் செய்யவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று தனித்தனிக் கேள்விகள். சமன்பாடுகள் தீர்ந்தனவா? அதற்கு ரெசிடுவலோடு, இழுவையும் ஏற்றவிசையும் மாறாமல் நிலைத்துவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, மெஷ்ஷை நுணுக்கினால் விடை மாறுகிறதா? இதற்குக் குறைந்தது மூன்று மெஷ் வேண்டும். இரண்டு மெஷ்ஷில் விடை ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். மூன்றாவது, இந்த விடை இயற்கையோடு ஒத்துப்போகிறதா? இதற்குச் சோதனைத் தரவு வேண்டும், வேறு வழி கிடையாது. முதல் கேள்விக்குக் கிடைத்த 'ஆம்' மற்ற இரண்டுக்கும் செல்லாது. இதை ஒவ்வொரு நேர்காணலிலும் விளக்கும் நிலை இருக்கக் கூடாது. முதுநிலையின் முதல் பருவத்திலேயே முடிந்திருக்க வேண்டிய பாடம் இது.

கொந்தளிப்பின் விளைவைத் தோராயமாகச் சொல்லும் சமன்பாடுகளான கொந்தளிப்பு மாதிரிகளும் அப்படித்தான். ஸ்பாலார்ட்–அல்மாராஸ் மாதிரி 1992-இல் வந்தது, மென்டரின் எஸ்.எஸ்.டி. மாதிரி 1994-இல். இரண்டும் சில வகை ஓட்டங்களின் தரவை வைத்துச் சீர்செய்யப்பட்டவை. மென்பொருள் மெனுவில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். இறக்கை ஸ்டால் ஆன (தாக்குகோணம் மிகுந்து ஏற்றவிசை சரிந்த) பிறகு வரும் பிரிந்த ஓட்டத்தில், நிலையான ஓட்டம் என்று வைத்துக்கொண்டு இவற்றில் எடுத்த எண்ணை நான் நம்ப மாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள். அனுபவசாலிகளுக்கே விடைகள் வேறுபடும். ஒரே விமான வடிவத்தை ஒரே நிபந்தனையில் பல நாட்டுக் குழுக்கள் கணித்து ஒப்பிடும் இழுவைக் கணிப்புப் பட்டறைகள் 2001 முதல் நடப்பதே அதனால்தான்.

இதெல்லாம் ஏட்டுக் கவலை என்று நினைப்பவர்கள் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று ஏவிய ஒன்றரை நிமிடத்துக்குள், வெளித் தொட்டியிலிருந்து கழன்ற நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, வெப்ப ஓடுகளுக்கு எவ்வளவு சேதம் என்று 'கிரேட்டர்' என்ற கணிப்புக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அது மிகச் சிறிய துண்டுகளின் சோதனைத் தரவில் உருவானது. மோதிய துண்டோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. சேதம் ஓட்டின் முழு ஆழத்தையும் தாண்டும் என்றே கருவி காட்டியது. சிறிய துண்டுகளில் அது வழக்கமாக மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், இங்கும் மிகைதான் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் ஓட்டை விழுந்திருந்தது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கார்பன் பலகையில். பிப்ரவரி 1 அன்று ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல, பழியை ஒரு கருவியின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் ஒரு மாதிரி எந்த எல்லைக்குள் உருவானது, அந்த எல்லைக்கு வெளியே அது எந்தப் பக்கம் பிழைபோகும் என்று கேட்கும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரிகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் முதுநிலைப் படிப்பு உங்களுக்குத் தர வேண்டும்.

கட்டமைப்புப் பக்கம் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். கூர்மையான உள்மூலையில் வந்த 'அதிகபட்சத் தகைவை' (பொருளுக்குள் ஓரலகு பரப்பில் எழும் விசையை) அட்டவணையில் போடுகிறீர்கள். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அது ஏறிக்கொண்டே போகும், நிற்காது. சுற்றுப்பாதை படிப்பவர்கள், உராய்வில்லாத இருபொருள் கணக்கில் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறையாவது வரைந்து பாருங்கள், மாறினால் பிழை உங்கள் கணிப்பில்தான்.

இப்போது முதுநிலை படிக்க இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. "அங்கே எந்தெந்த மென்பொருள் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். மென்பொருளின் பொத்தான்களை வேலைக்கு வந்து சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அந்தத் துறையில் கடந்த ஆண்டுகளில் வந்த முதுநிலை ஆய்வறிக்கைகள் நான்கைந்தை எடுத்துப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் அவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அவற்றில் மெஷ் ஒப்பீடு இருக்கிறதா? சோதனைத் தரவோடு வைத்துப் பார்த்திருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த வழிகாட்டியை விட்டு விலகுங்கள், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. காற்றுச் சுரங்கம் இருக்கிறது என்று விளம்பரப் படத்தில் போட்டிருப்பார்கள். முதுநிலை மாணவர்களுக்கு அதில் நேரம் ஒதுக்குவார்களா என்று கேளுங்கள். எண்முறைப் பாடத்தில் சொந்தமாக நிரல் எழுத வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதிர்ச்சி அலை ஒரு குழாயில் பரவுவதைக் கணிக்கும் ஒரு பரிமாண அதிர்ச்சிக் குழாய்க் கணக்கை வெறும் நிரலில் எழுதி முடித்த மாணவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

இயந்திரவியலோ கணிதமோ இயற்பியலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நேரியல் இயற்கணிதத்தையும் மட்டும் துருப்பிடிக்க விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. ராக்கெட், ராணுவ விமானம், விண்கலங்களில் பல வகை ஆகியவற்றின் தொழில்நுட்பத் தகவலை வெளிநாட்டவருக்குக் காட்டுவதே அமெரிக்கச் சட்டத்தில் ஏற்றுமதியாகக் கருதப்படும். ஐடார் என்று சொல்லப்படும் விதிகள் இவை. அதனால் அங்கே பல நிறுவனங்கள் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களையும்தான் இந்த வேலைகளுக்கு எடுக்கும். அங்கேயே பட்டம் வாங்கியிருந்தாலும் இந்த விதி மாறாது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் பெரும்பாலும் உறுப்பு நாடுகளின் குடிமக்களையே எடுக்கிறது. உங்கள் குடியுரிமைக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள். சேர்க்கை அலுவலகம் இதைத் தானாக முன்வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆய்வறிக்கையின் நடுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து வடிவங்களைக் கணிக்கத் திட்டமிட்டிருந்தால் மூன்றை விட்டுவிடுங்கள். மீதி இரண்டில், கணினியைத் தொடும் முன் விடை எந்த அளவில் வரும் என்று கையால் போட்டு எழுதி வையுங்கள். மூன்று மெஷ்ஷில் ஓட்டுங்கள். நாசா உருவாக்கிய கொந்தளிப்பு மாதிரி இணையதளத்தில் நாக்கா 0012-க்கான கணிப்புகளும் சோதனைத் தரவும் இலவசமாகவே கிடைக்கின்றன, உங்கள் அமைப்பை முதலில் அதில் சோதியுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மறைக்காமல் ஒரு அத்தியாயமாக எழுதுங்கள். வழிகாட்டி படம் கேட்டால் படமும் கொடுங்கள், ஆனால் மெஷ் அட்டவணை அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கட்டும்.