அப்டேட்: புதுப்பித்தலா, இற்றைப்படுத்தலா?

ஒபிஸ் கொம்பியூட்டர்ல அன்டிவைரஸ் அப்டேட் ஆகேல்லை எண்டதை தமிழில எழுதச் சொன்னா முக்கால்வாசிப் பேர் "புதுப்பிக்கவும்" எண்டுதான் போடுவினம். எனக்கு இந்த இடத்தில அந்தச் சொல் சரிவராது. லைசன்ஸ் முடிஞ்சு காசு கட்டி ரினியூ பண்ணுறதும் புதுப்பிக்கிறதுதானே, கொழும்பில இருந்துகொண்டு ஹற்றன் கிளை மெசினை ரிமோட்ல பாக்கிற ஐடி பொடியன் "புதுப்பிக்க வேணும்" எண்டு கணக்குப் பகுதிக்கு மெசேஜ் போட்டா அவை உடன கொட்டேஷன் கேப்பினம்.

அப்டேட்டுக்குப் பொருத்தமானது இற்றைப்படுத்தல். இங்கிலீஷில அப் டு டேட் எண்டதே கணக்குப் புத்தகத்தை அந்தத் திகதி வரைக்கும் எழுதி வைக்கிறதில இருந்து வந்திருக்கலாம் எண்டு சொல்லுவினம். தமிழில இற்றை எண்டா இன்றைய, ஒன்று ஒற்றை ஆகிறமாதிரி இன்று இற்றை, அன்று அற்றை. புறநானூறு 112 இல பாரி மகளிர் அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள் எண்டு பாடினது இதேதான். இங்கத்தைப் பேப்பருகளில இப்பவும் "இற்றைக்கு பத்து வருடங்களுக்கு முன்னர்" எண்டு வருது, அதால எங்களுக்கு இது புதுச் சொல்லும் இல்லை. வேர்ஷனையே மாத்துறது அப்கிரேட், அது தரமுயர்த்தல். அன்டிவைரஸுக்கு நச்சுநிரல் தடுப்பி எண்டு சொல்லலாம், வாயில வராட்டி விடுங்கோ.

அன்டிவைரஸில இற்றைப்படுத்துறது பெரும்பாலும் டெபினிஷனைத்தான், அதாவது எந்தப் புரோகிராம் கூடாதது எண்டு கண்டுபிடிக்கிற அடையாளப் பட்டியல், ஒரு நாளைக்கே பல தரம் புதுசா வரும். கொன்சோலில, அதாவது எல்லா மெசினின்ர அன்டிவைரஸ் நிலைமையையும் ஒரே இடத்தில காட்டுற திரையில, ஒரு மெசின் சிவப்பாக் கிடந்தா முதல்ல லைசன்ஸா டெபினிஷனா எண்டு பாருங்கோ, டெபினிஷன் எண்டா அந்த மெசின் கடைசியா எப்ப சேர்வரோட கதைச்சது எண்டு பாருங்கோ, வீட்டை கொண்டுபோன லெப்டொப் விபிஎன் (வெளியில இருந்து ஒபிஸ் நெட்வேர்க்கோட சேருற வழி) போடாமலே கிடக்கும். சி டிரைவ் நிரம்பினாலும் இறங்காது, புரொக்ஸி (ஒபிஸ் மெசினுகளுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில நிக்கிற சேர்வர்) மறிச்சாலும் இறங்காது.

கனபேர் பாக்காமல் விடுறது திகதி. பழைய மெசினில, கரண்ட் இல்லாத நேரத்திலயும் மணிக்கூட்டை ஓடவைக்கிற மதர்போர்ட் பற்றரி செத்தா திகதி வருசக்கணக்கில பின்னால போயிடும், அப்ப அப்டேட் சேர்வரின்ர சேர்ட்டிபிகேட் (சேர்வர் உண்மையானதுதான் எண்டு காட்டுற, தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உள்ள சான்று) "இன்னும் தொடங்கேல்லை" எண்டு மெசின் நினைச்சு கனெக்ஷனையே வெட்டிவிடும். இற்றை எது எண்டே தெரியாத மெசினை எப்படி இற்றைப்படுத்துறது? திகதியை ரிமோட்ல திருத்தலாம், ஆனா கரண்ட் நிண்டு வந்தா திரும்பவும் பிழையாப் போகும், பற்றரி மாத்த ஆள் நேர போகத்தான் வேணும்.