புகையானுக்கு என்ன மருந்து? முதலில் தூரைப் பிரித்துப் பாருங்கள்

நெல்லில் புகையான் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்துவிட்டது, என்ன அடிக்கலாம் என்று கேட்டவுடனே ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைக்கிற கடைக்காரரும் உண்டு, "தூரைப் பிரித்துப் பார்த்தீங்களா, சிலந்தி இருக்கா, போன தடவை என்ன அடிச்சீங்க" என்று கேள்வியாய்க் கேட்டு நம்மை எரிச்சலாக்குகிறவரும் உண்டு. இரண்டாமவர்தான் விவரம் தெரிந்தவர். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் புகையானை வைத்தே பார்க்கலாம். ஏனென்றால் இது மருந்து அடிக்க அடிக்கப் பெருகக்கூடிய பூச்சி.

நிஜமாகத்தான் சொல்கிறேன். புகையான் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவது பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. முட்டையை இலையுறையின் திசுவுக்குள்ளேயே செருகி வைக்கும். நாம் மேலாகத் தெளிக்கிற மருந்தில் பெரும்பங்கு இலையோடு நின்றுவிடும், அடிக்கு இறங்குவது கொஞ்சம்தான், உறைக்குள் இருக்கிற முட்டைக்கு அதுவும் எட்டாது. ஆனால் வயலில் ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தியும், முட்டையைத் தேடிப் பிடித்து உறிஞ்சுகிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அந்த மருந்தில் செத்துப்போகும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தின்ன ஆளே இருக்காது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள், குயினால்பாஸ், மீத்தைல் பாரத்தியான் எல்லாம் இந்த வேலையைச் செய்பவை. இவற்றில் சில, சாகாமல் தப்பிய பெண் பூச்சியை முன்பைவிட அதிகமாக முட்டையிட வைப்பதாகவும் ஆய்வுகளில் தெரிந்தது.

இந்தோனேசியா இதை ஒரு நாடாகவே அனுபவித்தது. மானிய விலையில் மருந்து கொட்டிக் கிடந்தது, புகையானும் பெருகிக்கொண்டே போனது. 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துக் கலவைகளைத் தடை செய்தார், 1989-க்குள் மானியமும் நின்றது. அதனால் நெல் உற்பத்தி ஒன்றும் சரிந்துவிடவில்லை.

சரி, அந்தச் சிலந்திக் கேள்விக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தாலே மருந்து அடிக்க வேண்டிய நிலை. தூர்கள் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். கணக்கிலேயே சிலந்திக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வரப்பில் நின்று பார்த்தால் இது தெரியாது, வயலில் இறங்கிக் குனிந்து குத்தை விலக்கிப் பார்த்தால்தான் எண்ண முடியும். எண்ணாமல் சொல்கிற ஆலோசனை எல்லாம் குத்துமதிப்புதான்.

போன தடவை என்ன அடித்தீர்கள் என்று கேட்பது, பூச்சி மருந்துக்கு எதிராக வளர்த்துக்கொள்கிற எதிர்ப்புத்திறனுக்காக. இமிடாகுளோப்ரிட் வந்த புதிதில் புகையானை ஒழித்துக்கட்டியது. அதையே திரும்பத் திரும்ப அடித்ததில், நஞ்சைச் சிதைக்கிற ஒரு என்சைமைக் கூடுதலாகச் சுரக்கும் புகையான்கள் மட்டும் பிழைத்துப் பிழைத்துப் பெருகின, 2000-களின் நடுவில் ஆசியாவின் பல நாடுகளில் மருந்து வேலை செய்யவில்லை. இதில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம், பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று நினைப்பது. கம்பெனி வேறு, பாட்டில் வேறு, உள்ளே பூச்சியைக் கொல்கிற சரக்கு அதேதான். ஒருவேளை தயாமெத்தாக்சம் என்று வேறு சரக்காகவே இருந்தாலும், அதுவும் இமிடாகுளோப்ரிட்டும் ஒரே 4ஏ வகை (மருந்து எப்படித் தாக்குகிறது என்பதை வைத்துக் கொடுக்கிற எண்), பூச்சியின் நரம்பில் இரண்டும் தாக்குவது ஒரே இடத்தைத்தான். அந்த வகை எண்ணைப் பார்த்து மாற்றிக் கொடுப்பதுதான் உண்மையான மாற்றம்.

லேபிளில் இருக்கிற முக்கோணத்தையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். சிவப்பு என்றால் பவர் ஜாஸ்தி, பச்சை என்றால் டம்மி என்று ஒரு நம்பிக்கை. அந்த நிறம் பூச்சிக்கு இல்லை, நமக்கு. சோதனை எலிகளுக்கு வாய்வழி கொடுக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மி.கி. அல்லது அதற்கும் குறைவான அளவே பாதியைக் கொன்றால் சிவப்பு, 5000 மி.கி.க்கு மேல் தேவைப்பட்டால் பச்சை, நடுவில் மஞ்சளும் நீலமும். குளோரான்ட்ரானிலிப்ரோல் பச்சை முக்கோணம்தான், குருத்துப்புழுவுக்கு ஏக்கருக்கு 60 மி.லி. போதும். ஆனால் அதைப் புகையானுக்கு அடித்தால் காசுதான் தண்டம், அது புழுக்களுக்கான மருந்து.

புகையானிலும் பருவம் பார்க்க வேண்டும். புப்ரோபெசின் குஞ்சுகள் தோலுரிப்பதைக் கெடுக்கும், வளர்ந்த பூச்சியை நேரடியாகக் கொல்லாது. பைமெட்ரோசின் அடித்தால் பூச்சி சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பட்டினியில் மெதுவாகச் சாகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் விவசாயி இரண்டாம் நாள் போய்ப் பார்ப்பார், பூச்சி அப்படியே உட்கார்ந்திருக்கும், மருந்து போலி என்று முடிவு கட்டி வேறு ஒன்றை வாங்கி அதன்மேல் அடிப்பார். எதை அடித்தாலும் தண்ணீரை வடித்துவிட்டு, நாசிலைத் தூர்ப்பக்கம் இறக்கி அடிக்க வேண்டும். யூரியாவையும் கொஞ்சம் கட்டுப்படுத்தணும், கரும்பச்சையாய்த் தளதளவென்று நிற்கிற பயிர்தான் புகையானுக்கு விருந்து.

இவ்வளவையும் விற்கிறவரே சொல்ல வேண்டியிருப்பதுதான் நம் ஏற்பாட்டின் சிக்கல். "இந்த வாரம் எதுவும் அடிக்க வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு வியாபாரம் இல்லை. கலிஃபோர்னியாவில் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகர் என்று தனி உரிமமே உண்டு, பரிந்துரையை எழுத்தில் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும், மாற்று வழிகளையும் யோசித்ததாக உறுதி சொல்ல வேண்டும். இங்கே 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் விற்க உரிமம் வேண்டும், பழைய கடைக்காரர்களுக்காக ஐதராபாத்தில் இருக்கிற மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க நிறுவனம் ஒரு வருட டிப்ளமோவும் நடத்துகிறது. எழுதித் தரச் சொல்லிக் கேட்கிற பழக்கம்தான் நம்மிடம் இல்லை, பில்லையே பல பேர் வாங்குவதில்லை. அடுத்த முறை போகும்போது பில்லில் சரக்கின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு, அடித்த எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.