நூறு ரூபாய்ப் பதிவுக்கு மூவாயிரத்து ஐநூறு

எங்கள் தெருவில் ஒரு அக்கா பருப்புப் பொடி, இட்லிப் பொடி அரைத்து விற்கிறார். "எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருந்தால்தான் கடையில் வைப்பேன்" என்று மளிகைக்காரர் சொல்லவும், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அந்த நம்பரைப் பிரவுசிங் சென்டரில் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார். ரசீதைப் பார்த்தேன். அதில் அரசுக் கட்டணம் 100 ரூபாய்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறிய அளவில் தொழில் செய்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். 2011 விதிமுறை இதற்கு முதலில் வைத்த வரம்பு, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். வீட்டு அடுப்பில் செய்தாலும் பதிவு வேண்டும்.

அந்த 12 லட்சம் லாபம் இல்லை, விற்பனை. 80 ரூபாய்ச் சாப்பாடு தினம் 45 பேருக்குக் கட்டிக்கொடுத்தால் மாதம் 1,08,000 ஆகிவிடும். கையில் நிற்பது என்னவோ அதில் கொஞ்சம்தான். லீவே விடாமல் சமைத்தால் வருடம் முடிவதற்குள் 12 லட்சத்தைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் விற்பனையை எழுதி வையுங்கள்.

அடுத்த சிக்கல், என்ன தொழில் என்று கேட்கும் பக்கம். பொடி, ஊறுகாய் செய்து பாக்கெட் போட்டால் அது தயாரிப்பு. சாப்பாடு கட்டிக் கொடுத்தால் வீட்டு கேன்டீன். சீக்கிரம் முடியட்டும் என்று அக்காவுக்கு "சில்லறை விற்பனை" என்று போட்டுவிட்டார் ஏஜென்ட். காகிதப்படி அவர் அடுத்தவர் அரைத்த பொடியை வாங்கி விற்பவர்!

இதைவிட மோசம், விண்ணப்பத்தில் இருந்தது ஏஜென்டின் போன் நம்பர். ஊறுகாயையும் சேர்க்கலாம் என்று போனால் ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. அதைச் சொல்ல இன்னொரு 1,500 கேட்டார். யாரை வைத்து விண்ணப்பித்தாலும் சரி, போன் நம்பரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் நாமே போடலாம். தேடினால் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை, முகவரி "கவ்.இன்" (gov.in) என்று முடிகிறதா பாருங்கள்.

வாடகை வீடு என்றால் கவனம். ஆதாரில் ஊர் முகவரி, அடுப்பு இங்கே என்றால் வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். வீட்டு ஓனர் கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படுவார். அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம் உணவுப் பாதுகாப்புத் துறை ஆபீஸ். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், திங்கள் வாங்க." திங்கள் போனால் மீட்டிங். இதற்கிடையில் இணையதளத்தில் உங்கள் விண்ணப்பத்தைக் கேள்வியோடு திருப்பியிருப்பார்கள். யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். பதில் போடாமல் விட்டால் விண்ணப்பம் போச்சு, கட்டிய பணமும் போச்சு. இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆபீசில் யாரும் சொல்லாத விதி ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டு 30 நாளில் முடிவு சொல்லாவிட்டாலும் அப்படியே. பின்னால் அவர்கள் சொல்லும் திருத்தங்களை மட்டும் செய்துவிட வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்கவும் முடியாது. "வாய்மொழியாச் சொன்னா போதும்மா" என்றால், "எழுதிக் கொடுங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலருக்கு மனு. நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கையில் வருவது 14 இலக்க நம்பர். 2இல் தொடங்கினால் பதிவு, 1இல் தொடங்கினால் லைசென்ஸ். "இது லைசென்ஸ் இல்லையே" என்று கடைக்காரர் இழுத்தால், வரம்புக்குள் இருப்பவருக்கு இதுதான் என்று காட்டுங்கள். ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கும் முன் இலக்கங்களை எண்ணிவிடுங்கள். அக்கா அடித்த முதல் 500 ஸ்டிக்கரில் 13தான் இருந்தது.