பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரம் மடியும்

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, குட்டியானையில் ஏற்றப்பட்டு ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிள் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஓட்டிய தம்பி பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது கை கழுத்திலிருந்து தொங்கும் கட்டில் இருந்தது. காறை எலும்பில் விரிசல். உடுமலைக்குத் தெற்கே பழைய கல்குவாரிக்குப் போகும் சரளைப் பாதையில், இறக்கத்தில், ஓர் இடது வளைவில் விழுந்திருக்கிறார். வேகம் இருபத்தைந்துகூட இல்லையாம். "பிரேக்கைத் தொடவே இல்லை அண்ணா, முன்சக்கரம் தானாக உள்ளே மடிந்துவிட்டது. வேறு டயர் போடலாமா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

டயர் புதிது. அதில் குறையில்லை. வண்டியை இறக்கி நிறுத்தி, நான்கு அடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். படுத்திருந்த பசு எழும்போது முதலில் பின்கால்களைத் தூக்குமே, அந்தக் கணத்தில் உறைந்துபோனது போல நின்றது வண்டி. சைடு ஸ்டாண்டின் அடியில் ஒரு துண்டு இரும்பு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. பின்பக்கத்தை உயர்த்திய வண்டிக்குத்தான் பழைய ஸ்டாண்ட் எட்டாது. அதைப் பார்த்ததுமே கதை பாதி தெரிந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் வேறொரு பட்டறையில் பின்பக்க ஒற்றை ஷாக்கைச் (மோனோஷாக்) சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் பட்டைகளை மாற்றிக் குட்டையானவற்றைப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் 30 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு கல்லில் இடிக்கிறது என்பதற்காகச் செய்த வேலை. "ஷாக் கொஞ்சம் கடினமாக இருக்கட்டும்" என்று, ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடையும் கடைசிப் படி வரை இறுக்கியிருக்கிறார்கள். தம்பியின் எடை 62 கிலோ.

கோவையில் பத்தொன்பது வருடங்களாக இந்த வேலை செய்கிறேன். மண் பாதைக்கு வண்டியைத் தயார் செய்யச் சொல்லி வருபவர்களில் பெரும்பாலோர் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். 2024 டக்கார் பாலைவன ராலியில் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா தன் பிரிவில் முதலிடம் பெற்ற பிறகு, கைப்பேசியில் ராலி வண்டியின் படத்தைக் காட்டி "இந்த மாதிரி" என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். படத்தில் தெரிவது உயரம் மட்டும். அந்த உயரம் முன்னும் பின்னும் சேர்ந்து வந்தது என்பது படத்தில் தெரியாது.

சிறு வயதில் சைக்கிளின் சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளியிருப்பீர்கள். முன்னால் தள்ளினால் ஹேண்டிலைத் தொடாமலேயே நேராகப் போகும். அதே சைக்கிளைச் சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். இரண்டடிக்குள் முன்சக்கரம் மடிந்து திரும்பிக்கொள்ளும். காரணம், வண்டியின் கழுத்து, அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சு, சாய்ந்திருக்கும் கோட்டைத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். முன்னால் போகும்போது சக்கரம் கழுத்தின் பின்னால் இழுபட்டு வருகிறது, அதனால் தானே நேராகிக்கொள்கிறது. டிரெயில் குறையக் குறைய அந்தத் தானே நேராகும் குணம் குறையும். ஹேண்டில் இலகுவாகத் திரும்பும், கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் சுகமாகக்கூட இருக்கும். சரளையில், இறக்கத்தில், எடையெல்லாம் முன்னால் சரிந்திருக்கும்போது அந்த இலகுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இப்போது கணக்கு. ஹிமாலயன் 411-இன் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 1,465 மில்லிமீட்டர். பின்பக்கத்தை 25 மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒரு பாகை முன்னால் கவிழ்கிறது, கழுத்தும் ஒரு பாகை செங்குத்தாகிறது. 21 அங்குல முன்சக்கரம் உள்ள வண்டியில் ஒரு பாகைக்கு டிரெயில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். ஏழு மில்லிமீட்டர் என்றால் சுண்டுவிரல் அகலம்கூட இல்லைதான். ஆனால் இந்த வகை வண்டிகளில் மொத்த டிரெயிலே 110, 120 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

தம்பியின் வண்டியில் பின்பக்கம் ஏறிய உயரம் 30 மட்டும்தானா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அமுங்கலை, அதாவது எடை ஏறும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை, அளக்க வேண்டும். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். ஒரு டேப், இரண்டு உதவியாளர்கள் போதும். பின் ஆக்சிலின் நடுவிலிருந்து நேர்மேலே, சீட்டுக்குக் கீழே சட்டத்தில் ஒரு புள்ளி குறித்துக்கொள்வேன். முதலில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அளவு. அடுத்து வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது. மூன்றாவது, ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப்பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்த பிறகு. ஒவ்வொரு முறையும் வண்டியை ஒரு தடவை அமுக்கிவிட்டும், ஒரு தடவை தூக்கிவிட்டும் அளந்து இரண்டுக்கும் நடுவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஷாக்கிலும் லிங்கிலும் உராய்வு இருக்கிறது, ஒற்றை அளவு ஏமாற்றிவிடும்.

கையில் கட்டோடு அவர் ஏற முடியாது. அவர் எடைக்கு ஏறக்குறைய இருக்கும் என் உதவியாளரை ஏற்றினேன். தொங்கும்போது 585. தன் எடையில் நிற்கும்போதும் 585. ஆள் ஏறியபின் 562.

இரண்டாவது அளவைக் கவனியுங்கள். 199 கிலோ வண்டி தன் எடையில் ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்கவில்லை. பின்சக்கரம் கீழே இறங்க இடமே இல்லாமல் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேடு வந்தால் ஷாக் அமுங்கும், சரி, பள்ளம் வந்தால்? சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேட வேண்டும். இங்கே அது முடியாது, அந்த நேரத்துக்குச் சக்கரம் காற்றில் மிதக்கும். ஆள் ஏறியும் 23 மில்லிமீட்டர்தான். பின்சக்கரத்தின் மொத்த அசைவு 180 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 30 சதவீதம், அதாவது 50 முதல் 55 வரை, ஓட்டுபவரோடு அமுங்க வேண்டும். ஆக லிங்கில் 30, இறுக்கிய பிரீலோடில் இன்னொரு 28. பின்பக்கம் இருக்க வேண்டிய இடத்தைவிட 58 மில்லிமீட்டர் மேலே. இரண்டு பாகைக்கும் அதிகம். டிரெயிலில் பதினைந்து மில்லிமீட்டர் போய்விட்டது. முன்சக்கரம் மடியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிரீலோட் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை, ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இந்தத் தவறோடு வருகிறார். பிரீலோடை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பித் தடிமனிலும், சுற்றின் அகலத்திலும், சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது, மேலே திருகும் வளையத்தில் இல்லை. அந்த வளையம் செய்வது ஒன்றே: வண்டி எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது. ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்பதை அமுங்கல் அளவே சொல்லிவிடும். ஆளோடு சரியான அளவு வந்தும், வண்டி தனியாக நிற்கும்போது அமுங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது, அதை இறுக்கிச் சமாளிக்கிறீர்கள். ஆளோடு அதே சரியான அளவு வந்து, தனியாகவே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமானது. அப்போது மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கை.

சரி, கல் இடித்தது ஏன்? பின் ஆக்சிலில் 30 மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டியின் நடுவில் கிடைப்பது பாதிதான். காப்புத் தகட்டின் முன்முனைக்கு அதைவிடக் குறைவு. கல்லில் முதலில் படுவது அந்த முன்முனை. தம்பியின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் ஊற்றினேன். இரண்டாம் முறை கொதிக்க வைத்த டீத்தூள் தண்ணீர் போல, அடியில் சாம்பல் நிறச் சேற்றோடு வந்தது. வாங்கி மூன்று வருடங்களில் ஒருமுறைகூட மாற்றவில்லை. கெட்டித்தன்மை போன எண்ணெய் ஃபோர்க்கைத் தடுத்து நிறுத்தாது. ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் முழுதாக உட்கார்ந்து தகட்டைக் கல்லில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. முன்னால் இருந்த நோய்க்குப் பின்னால் மருந்து. மண்ணில் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபோர்க் ஆயில் மாற்றச் சொல்வது என் வழக்கம். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் எண்ணெய் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஊற்றும் அளவை நம்பாமல், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுதாக அமுக்கி மேல் விளிம்பிலிருந்து அளப்பதுதான் சரி.

ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டையும் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமிருந்து வலமாகத் தள்ளினேன். நட்ட நடுவில் ஒரு சின்னப் பிடிப்பு. குழியில் கோலிக்குண்டு விழுந்தது போல நின்று, பிறகு நகர்ந்தது. நேராக ஓடும்போதே அடி வாங்கி வாங்கிப் பேரிங் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. இதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய நீளத்து லிங்க் பட்டைகளைத் திரும்பப் போட்டு, பிரீலோடைத் தளர்த்தி, மறுபடி அளந்தோம்: 555, 537, 504. தனியாக 18, ஆளோடு 51. சைடு ஸ்டாண்டில் ஒட்டிய துண்டை அறுத்து எடுத்தேன். செயின் தளர்வையும் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. பின்பக்க உயரம் மாறினால் செயினின் இழுப்பும் மாறும். எஞ்சின் பல்சக்கரம், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் செயின் மிக இறுக்கமாக இருக்கும், அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே உயரம் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கு ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4V நல்ல உதாரணம். சாதாரண வண்டியில் முன் அசைவு 190, பின் அசைவு 170 மில்லிமீட்டர். ப்ரோ வகையில் முன்னால் 250, பின்னால் 220. முன்பக்கம் 60, பின்பக்கம் 50 என இரண்டையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறார்கள், அதிலும் முன்பக்கத்தைத்தான் கொஞ்சம் அதிகமாக. அதற்குக் கொடுக்கும் விலை, சீட்டின் உயரம்: 825-இலிருந்து 891 மில்லிமீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ளவர் ஒற்றைக் கால் நுனியில்தான் நிற்க வேண்டும். மேட்டில் எஞ்சின் நின்றுபோனால் அந்த நுனிக்கால் எங்கே ஊன்றும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரும்புவது சோம்பலாக இருக்கிறது, முன்பக்கம் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் ஃபோர்க் குழாயை, அதைக் கழுத்தோடு பிடித்திருக்கும் தட்டுகளுக்குள் மேலே ஏற்றலாம். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே அளவு, பிறகு தெரிந்த பாதையில் ஓட்டிப் பார்த்து அடுத்த ஐந்து. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டிலோ கீழ்த்தட்டிலோ உரசாமல் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மணலில் அதிகம் ஓட்டுபவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். மணலுக்குச் சாய்ந்த கழுத்துதான் நல்லது.

அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகு உள்ள வண்டிகளில் நான் பார்ப்பது ஒன்றுதான். அடுக்கடுக்காக மேடுபள்ளம் வரும் பாதையில் வண்டி போகப்போகத் தாழ்ந்துகொண்டே வந்தால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஷாக் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த அடி விழுகிறது. பின்பக்கம் ஆளைத் தூக்கி எறிந்தால் வேகமாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரண்டு கிளிக், பழைய அளவை எழுதி வைத்துவிட்டு.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது குற்றம். பாதை இருக்கிறதே என்று நுழைந்து வனத்துறையிடம் மாட்டிக்கொண்டு, அங்கிருந்தே என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு. அங்கே நான் என்ன செய்ய முடியும்?

தம்பி கார்த்திகையில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். அதே குவாரிப் பாதையில் ஓட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார். இறக்கத்தில் பயமில்லை என்றார், தகடு ஒருமுறைதான் தொட்டது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, நண்பர்களின் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தன்னுடையது குட்டையாகத் தெரிகிறது என்றார். கழற்றிய குட்டை லிங்க் பட்டைகள் இரண்டும் என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண் அங்கேதான் இருந்தது.